ஐந்து படி இருந்தது, இப்போது இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் சென்னை வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் வரி கட்டுகிறார்கள், மீதிப் பேர் அந்தப் பணத்தில் ஓசிச் சோறு சாப்பிடுகிறார்கள், இலவசத்தை எல்லாம் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அன்றைக்கு மத்தியானமே எங்கள் தெரு முனையில் ஒரு லாரி வந்து ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனது. அதைப் பார்த்த பிறகு உட்கார முடியவில்லை. ஜல்லிக்கும் அந்தக் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும். வெட்டுவதாக இருந்தால் படிக்கட்டு வரும் இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் செட்டிநாட்டுக்காரன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர், பேரூராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம், என் பெயரையும் போடாமல் விட்டால் புண்ணியமாகப் போகும், நாளைக்கு நான் அந்தப் பேரூராட்சி ஆபீசுக்குத்தான் போய் நிற்க வேண்டும். 1976-ல் பத்தொன்பது வயதில் ஒரு செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளையிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் கையால் எழுதிப் பழகிய ஆள். இப்போது மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் பத்துப் பதினைந்து சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டன், வருமான வரி ரிட்டன் போட்டுக் கொடுத்துக் காலத்தை ஓட்டுகிறேன். ஐம்பது வருஷமாக எனக்குச் சோறு போடுவது அடுத்தவர் கட்டுகிற வரிதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

முதலில் அந்த ஓசிச் சோற்றுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா பலகாரம் போட்டு விற்கிறார். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், கல்யாணச் சீர் என்றால் கை முறுக்கு. அவரிடம் நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், நான்கு பேரும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். சென்னை வாசகர் கணக்கில் இவர்கள்தான் ஓசி. அவர்களில் ஒருத்தியின் மாதச் சம்பளம் எட்டாயிரம். அவள் போனுக்கு ரீசார்ஜ் பண்ணினால் 18 சதவீதம் வரி. கடலை எண்ணெய்க்கு 5. சோப்பு, பேஸ்ட், ஷாம்புக்கு 2025 செப்டம்பர் 22 வரை 18 சதவீதம் கட்டிக்கொண்டுதான் இருந்தாள், அதற்குப் பிறகுதான் 5 ஆக இறக்கினார்கள். மழைக்கு ஒழுகுகிற வீட்டுக்கு நான்கு மூட்டை சிமெண்ட் வாங்கியபோது 28 சதவீதம், அது இப்போது 18. மகன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் டெல்லிக்கு ஒரு வரி, சென்னைக்கு ஒரு வரி. அவள் வீட்டுக்காரர் கொத்தனாருக்குக் கையாள், சாயங்காலமானால் எங்கே போகிறார் என்பது ஊருக்கே தெரியும். டாஸ்மாக் வழியாக 2023-24-ல் மட்டும் மாநில அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அது யார் சட்டைப் பையிலிருந்து வந்தது?

சென்னைக்காரருக்குச் சம்பளத்தில் பிடித்ததற்கு ஃபாரம் 16 என்று ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். இவளுக்குக் கொடுப்பதில்லை. கட்டியது இவளுக்கே தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், 2025 பட்ஜெட்டில் புது முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தார்கள், என்னிடம் வருகிற இரண்டு மூன்று வாத்தியார்களுக்கு அதனால் நல்ல மிச்சம், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கிறவர் வருமானத்துக்குச் சல்லிக்காசு கட்ட வேண்டாம், மாதம் எட்டாயிரக்காரி சோப்புக்குக் கட்ட வேண்டும். இதில் யார் ஓசி?

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதை நான் வீண் செலவில் சேர்க்க மாட்டேன். அந்த நான்கு பெண்களும் முன்பு பஸ் காசுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்தவர்கள், இரண்டு பேர் இரண்டரை மைல் நடந்து வந்தவர்கள். பள்ளிக்கூடத்துக் காலை உணவும் அப்படித்தான். எங்கே போகிறது, யார் வயிற்றில் போகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற செலவு அதெல்லாம். 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள், அன்றைக்கு அறிவித்த சலுகைகளால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று மத்திய அரசே அறிக்கையில் போட்டது. அதை யாரும் இலவசம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப் பெயர் ஊக்கம். சரி, தொழில் வளர ஊக்கம் வேண்டும்தான். 1973-74-ல் வருமான வரியின் மேல் விகிதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதம் இருந்தது, நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாயை வைத்துக்கொண்டு மீதியைக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விகிதம் இறங்கத் தொடங்கிவிட்டது, ஆனால் பழக்கம் இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பல கடைகளில் இரண்டு பேரேடு இருந்தது, ஒன்று இன்கம்டாக்ஸ்காரருக்கு, இன்னொன்று பிள்ளையார் சுழி போட்டு உண்மையாக எழுதுவது. நானே இரண்டும் எழுதியிருக்கிறேன். அதனால் வரியை ஏற்று ஏற்று என்று சொல்கிற ஆளும் நான் இல்லை.

பலகார அம்மா கதையை முடித்துவிடுகிறேன். வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் வியாபாரம். நம் மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்றால் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ஆனால் இவருடைய பழைய வாடிக்கைக் குடும்பம் ஒன்று பெங்களூரில் குடியேறிவிட்டது, அவர்கள் வழியாக அங்கே பத்துப் பதினைந்து வீடு பிடித்துவிட்டார்கள், மாதத்துக்கு நான்கு டின் போகிறது. மாநில எல்லையைத் தாண்டிச் சரக்கு விற்றால் வியாபாரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். ஓசூர் வரை முறுக்கு அனுப்பினால் ஒன்றும் வேண்டாம், ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு அனுப்பினால் ரிட்டன் போட வேண்டும். ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிற காம்போசிஷன் முறை இருக்கிறதே என்று கேட்பீர்கள், அதில் சேர்ந்தால் வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. அப்புறம் அந்த லேபிள் கூத்து. தேன்குழலை உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் 5 சதவீதம், அதையே பையில் அடைத்துப் பெயர், எடை, தேதி ஒட்டினால் 12. நல்லபடியாக, சுத்தமாக, தேதி போட்டு விற்கிறவருக்கு அபராதம் மாதிரி ஏழு சதவீதம். இரண்டையும் 5 ஆக்கியதும் அதே 2025 செப்டம்பரில்தான். அந்த அம்மா டின்னில் ஒட்டுவதற்கு அச்சடித்து வைத்திருந்த லேபிள் கட்டு, பாதி கரையான் தின்றது போக, இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது.

ஒரு தடவை அவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பில் எல்லாம் அவர் பீரோவில், சாவி அவர் தலையணைக்கு அடியில். ரிட்டன் இருபது நாள் தாமதம். நாளுக்கு 50 ரூபாய் வீதம் ஆயிரம் ரூபாய் தாமதக் கட்டணம். கட்டினோம், சட்டம் அப்படி. வரியைத் தாமதமாகக் கட்டினால் அதற்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டியும் உண்டு. ஆனால் நமக்கு வரவேண்டிய ரீஃபண்டை அவர்கள் தாமதமாகக் கொடுத்தால் கொடுக்கிற வட்டி 6 சதவீதம். வருமான வரியிலும் இதே கதை, நாம் கட்ட வேண்டியதற்கு மாதம் ஒரு சதவீதம், அவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதற்கு மாதம் அரை சதவீதம். வாங்கும்போது ஒரு வட்டி, கொடுக்கும்போது ஒரு வட்டி என்பது எங்கள் சீமைக்குப் புதுசு இல்லை, ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் அந்த வித்தியாசத்தில்தான் இந்தப் பெரிய வீடுகளைக் கட்டினார்கள். ஆனால் அது வட்டிக்கடை. அரசாங்கம் என்பது நம் வீட்டுக் கடை என்றல்லவா நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி படிக்கட்டு.

எங்கள் வீடு பெரிய வீடு இல்லை, ஓட்டு வீடு, ஆனால் இந்தப் பக்கத்து வழக்கப்படி தரையை உயர்த்தித்தான் கட்டியிருக்கிறார் என் தாத்தா. கடல் கொண்ட காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் அல்லவா செட்டியார்களான நகரத்தார், தண்ணீருக்குப் பயந்து உயரமாகக் கட்டினார்கள், அவர்களைப் பார்த்து நாமும் கட்டினோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி. கருங்கல் படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெரு செம்மண். மூன்றாவது படியில் ஒரு மூலை உடைந்திருக்கும், மாட்டு வண்டி அச்சு இடித்தது, அந்தப் பள்ளத்தில்தான் பம்பரத்தை ஒளித்து வைப்பேன். முதல் தார் ரோடு வந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது, எல்லாருக்கும் சந்தோஷம். அதற்கு மேல் இன்னொரு தார். அதற்கு மேல் சிமெண்ட். கடைசியாக இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிமெண்டுக்கு மேல் பேவர் கல். இப்போது திண்ணைக்கு இரண்டே படி. உடைந்த மூலை மண்ணுக்குள், அதாவது ரோட்டுக்குள் போய்விட்டது. பெரிய மழை பெய்தால் தெருத் தண்ணீர் முதல் படியைத் தாண்டி இரண்டாவது படியை நக்கிவிட்டுப் போகிறது. எதிர் வீட்டில் தரை மட்டம் கொஞ்சம் தாழ்வு, அவர்கள் வாசலில் செங்கல் வைத்து ஒரு அடி உயரத்துக்கு அணை கட்டியிருக்கிறார்கள், வீட்டுக்குள் போக வேண்டுமானால் அணையில் ஏறி இறங்க வேண்டும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை என்பது தெரியும். தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021 மே மாதத்தில் இதற்காகவே உத்தரவு போட்டார், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும், ரோடு உயர்ந்து வீடு தாழக் கூடாது என்று. எனக்கு அந்தச் செய்தி நன்றாக நினைவிருந்தது. அதனால் பேவர் கல் போட்டு முடித்த பிறகு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். எங்கள் தெரு வேலையின் எஸ்டிமேட், முடித்த வேலையை அளந்து எழுதுகிற எம்-புக், இரண்டின் நகலும் வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லி. கட்டினேன். வந்த தாள்களைப் பழைய பழக்கத்தில் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே படித்தேன். ஒரு இனத்தில் பென்சில் நின்றுவிட்டது. "பழைய சிமெண்ட் தளத்தை உடைத்து அப்புறப்படுத்துதல்", இத்தனை கன மீட்டர், லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை. எஸ்டிமேட்டிலும் இருக்கிறது, எம்-புக்கில் அளந்ததாகவும் இருக்கிறது, பணம் கொடுத்ததாகவும் இருக்கிறது.

உடைத்திருந்தால் சத்தம் கேட்டிருக்காதா? நான் பகல் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆள். உடைத்து எடுத்திருந்தால் ஒரு படி மேலே வந்திருக்க வேண்டும், எங்களுக்கு ஒரு படி உள்ளே போயிருக்கிறது.

ஆபீசில் போய்க் கேட்டேன். இளவட்டப் பையன் ஒருவர், மரியாதையாகத்தான் பேசினார். "அய்யா, எஸ்டிமேட்டுன்னா அப்படித்தான் இருக்கும், நீங்க அத வரிக்கு வரி பாக்கக் கூடாது" என்றார். வரிக்கு வரி பார்க்கக் கூடாதாம்! அவர் சொன்ன வரி எழுத்து வரி, எனக்குக் கேட்டது இன்னொரு வரி. மேல்முறையீடு போட்டேன், இன்றுவரை பதில் இல்லை. நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. என் பலகார அம்மா நாற்பது ரூபாய் பையை முன்பு 12 சதவீதத்துக்குப் பதில் 5-ல் தவறுதலாகப் பில் போட்டிருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கும், ஒரு லட்சத்துக்கு விளக்கம் கேட்க எங்களுக்கு என்ன வழி என்றுதான் கேட்கிறேன்.

மார்ச் மாதம் வந்தால் ரோடு வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிவிடும், அடுத்த வருஷம் ஒதுக்கீடு குறைந்துவிடும். அதே 31-ஆம் தேதிக்குத்தான் நாங்களும் கணக்கை முடிக்கிறோம். நான் ஒரு கடைக்காரரிடம் போய், வருஷக் கடைசியில் கையில் கொஞ்சம் காசு மிஞ்சியிருக்கிறது, எதையாவது வாங்கித் தொலைத்துவிடுங்கள் என்று சொன்னால் அவர் என்னை அடுத்த நாளே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.

ஊருணி கதையும் இதே மாதிரிதான், ஆனால் வயிறு எரிகிறது. செட்டிநாட்டு ஊர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மேற்கூரையில் விழுகிற மழை வளவு முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து வெளிவந்து, தெருவின் வாட்டத்தில் ஓடி, வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகும். தெரு மட்டம், வீட்டு மட்டம், ஊருணி மட்டம் மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. நூறு வருஷத்துக்கு முன்னால் தங்கள் காசில் வெட்டினார்கள். எங்கள் ஊருணியை அழகுபடுத்துகிறோம் என்று சில வருஷத்துக்கு முன் வந்தார்கள். சுற்றி நடைபாதை, எவர்சில்வர் கம்பி, நான்கு சிமெண்ட் பெஞ்சு, இரவில் எரிகிற எழுத்தில் ஐ லவ் போட்டு இதயம் வரைந்து ஊர்ப் பெயர். முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வரத்துக்கால் மட்டும் நடைபாதைக்கு அடியில் போய்விட்டது. ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், முழங்கை கூட நுழையாது. போன ஐப்பசியில் நல்ல மழை, தெருவெல்லாம் வெள்ளம், ஊருணியில் கணுக்கால் தண்ணீர். இதயத்தில் பாதி பல்பு இப்போது எரிவதில்லை.

சின்ன ஊர் ஆட்கள் தெரியாமல் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. சென்னையில் ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றம், தலைமைச் செயலகம் என்று கட்டி 2010 மார்ச்சில் திறந்தார்கள், மேலே கோபுரம் முடியவில்லை என்று திறப்பு விழாவுக்குச் சினிமா செட் மாதிரி ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுத் திறந்தார்கள். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, வந்தவர்கள் அங்கே உட்கார மாட்டோம் என்றார்கள், 2014-ல் அது ஆஸ்பத்திரி ஆனது. ஆஸ்பத்திரி நல்லபடியாக நடக்கிறது, ஏழைகளுக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சட்டமன்றத்துக்கு என்று போட்ட கட்டடத்தை ஆஸ்பத்திரியாக மாற்ற இரண்டாவது தடவை செலவழித்தது யார் காசு? ஒரு கட்சி அவசரப்பட்டது, இன்னொரு கட்சி வீம்பு பிடித்தது, இரண்டுக்கும் நாம் பில் கட்டினோம். 2021 ஆகஸ்டில் மாநில அரசு தன் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கடனை வாங்கியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் ஊர் நகரத்தார் கோவிலுக்கு நான் பதினெட்டு வருஷம் கணக்கு எழுதினேன். அங்கே புள்ளி வரி என்று ஒன்று உண்டு, கல்யாணமாகித் தனிக் குடும்பமானால் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் இருந்தாலும் அனுப்பிவிடுவார்கள். அதற்குச் சட்டம் இல்லை, நோட்டீஸ் இல்லை, தாமதக் கட்டணம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் கூடி உட்கார்ந்து கணக்கு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருஷம் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார், விளக்கெண்ணெய் போன வருஷத்தைவிட மூன்று டின் கூட இருக்கிறதே, என்ன காரணம்? எனக்கு வியர்த்துவிட்டது. குறிப்பைப் புரட்டிப் பார்த்தால் கும்பாபிஷேகம் முடிந்து நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம் நடந்த வருஷம் அது, இரவு பகலாக விளக்கு எரிந்தது. சொன்னேன், தலையாட்டினார், அடுத்த இனம். மூன்று டின் எண்ணெய்க்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருந்தால் அதோடு என் மானம் போயிருக்கும்.

அந்தக் கூட்டங்களை ரொம்பப் புகழவும் மாட்டேன். சண்டை வரும், பங்காளிப் பகையைக் கணக்கில் காட்டுவார்கள், புள்ளி இல்லாதவனுக்கு அங்கே வாய் கிடையாது, கணக்கு எழுதிய எனக்கே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உரிமை. ஆனால் கணக்கை வாசித்தார்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கை என்று வைத்தார்கள் அல்லவா, மம்பட்டி பிடித்த கிழவிக்குக் கொடுத்த கூலியைக் கிராமசபையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று. நல்ல ஏற்பாடு. கிழவியின் கூலிக்கு இருக்கிற அந்த ஏற்பாடு காண்டிராக்டரின் பில்லுக்கு ஏன் இல்லை?

வீட்டு வரியையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் சொத்து வரியை ஏற்றியபோது எங்களைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குக் கீழே 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏற்றினார்கள். பெரிய வீட்டுக்காரன் அதிகம் கட்டட்டும் என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டின் அளவை வைத்து ஆளின் அளவைச் சொல்ல முடியாது. அடுத்த தெருவில் ஒரு வீடு, முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில், உள்ளே பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. முப்பது பங்காளிக்கு மேல், எல்லாரும் வெளியூர், வெளிநாடு. உள்ளே இருப்பது எழுபத்தாறு வயது ஆச்சி ஒருவர் மட்டும், அவர் பங்குக்கு ஒரு அறை, அடுப்படியில் ஒரு மூலை. வரி இரண்டு மடங்கானபோது டிமாண்டு நோட்டீஸ் அவர் கையில்தான் வந்தது, கதவைத் திறக்க வேறு யார் இருக்கிறார்கள்?

"ஏப்பா கணக்கு, நான் இருக்குறது ஒரு ரூமு, முழு வீட்டுக்கும் நானா கட்டணும்?" என்று என்னிடம் கேட்டார். பில் கலெக்டரிடம் கேட்டதற்கு, "பங்காளிகள்ட்ட வசூல் பண்ணிக்கங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். மெல்பர்னில் இருக்கிற பங்காளியிடம் ஆச்சி எப்படி வசூல் பண்ணுவார்? இரண்டு பேர் அனுப்பினார்கள், மூன்று பேர் வீட்டை இடித்து விற்றுவிடலாமே என்றார்கள். இப்படித்தான் ஒவ்வொரு வீடாகக் கழன்று போகிறது, கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் சாய்த்து வைத்திருக்கிறது. அந்த வீட்டுக்கு இருநூறு அடி தள்ளி ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்த நாளில் வாசலில் பத்துக் கார் நிற்கும், அது ரொம்ப நாளாகக் குடியிருப்பு என்ற கணக்கில்தான் வரி கட்டிக்கொண்டிருந்தது. ஆச்சிக்கு விலக்கு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே சம்பாதிக்கிறார்கள் என்று ஒரு தடவை தெருவில் நடந்து பார்த்துவிட்டு வரி போடுங்கள் என்கிறேன்.

அந்தச் சென்னை வாசகருக்கு ஒரு வார்த்தை. அய்யா, உங்களுக்கு இருக்கிற கோபம் எனக்கும் இருக்கிறது, ஆனால் நீங்கள் கோபத்தைத் தப்பான வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டீர்கள். டவுன் பஸ்ஸில் வருகிற பெண்ணின் ஐந்து ரூபாயைக் கணக்குப் பார்க்கிற நேரத்தில், உங்கள் தெருவில் கடைசியாகப் போட்ட ரோட்டுக்கு எம்-புக் நகல் கேட்டு ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான். வந்த தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நில்லுங்கள்.

பத்திரிகையிடம் கேட்பது இது. வேலை நடக்கும் இடத்தில் பலகை வைக்கிறார்கள், அதில் தலைவர்கள் படமும் மொத்தத் தொகையும் இருக்கிறது. இனம் இனமாக எழுதி வைக்கச் சொல்லி நீங்கள் எழுதினால் என்ன? உடைத்தது இவ்வளவு, அள்ளியது இவ்வளவு, கனம் இத்தனை அங்குலம். நாங்கள் டேப் வைத்து அளந்து கொள்கிறோம். ரீஃபண்டுக்கும் பாக்கிக்கும் ஒரே வட்டி என்று ஆகும் நாளை நான் பார்ப்பேனா தெரியவில்லை, ஆனால் ஒரு பலகைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

ஏப்ரல் 30-க்குள் கட்டினால் அரையாண்டுச் சொத்து வரியில் 5 சதவீதம் ஊக்கத் தொகை உண்டு, ஒன்றாம் தேதி முதல் ஆளாகப் போய்க் கட்டிவிடுவேன், ஆச்சியின் பங்கையும் சேர்த்து. அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. ஜல்லி கொட்டிய அன்று சாயங்காலம் பேரனைக் கூப்பிட்டு, மிஞ்சியிருக்கிற இரண்டு படியையும் டேப் வைத்து அளந்தோம். ரோட்டிலிருந்து மேல் படி வரை பதினான்கு அங்குலம். சாக்பீஸ் மழைக்கு அழிந்துவிடும் என்று பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதி, தெரு தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். ஜல்லி இன்னும் முனையில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
செட்டிநாட்டு வாசகர் ஒருவர்